நியூசிலாந்து தெற்குத் தீவு மலைகள்ல கேம்பர்வேன் ஓட்டப் போறீங்களா, புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தெற்குத் தீவுல கேம்பர்வேன் எடுத்து சுத்தணும்னு யோசிக்கிற எல்லாரும் முதல்ல பண்றது ஒரு மேப் போடுறதுதான், கிறிஸ்ட்சர்ச்ல ஆரம்பிச்சு பத்து ஊருக்குப் புள்ளி வச்சு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கூகுள் சொன்ன நேரத்தை எழுதிடுவாங்க. அந்த நேரம் காருக்கு. ஏழு மீட்டர் நீளத்துல, ஆள் நிக்கிற உயரத்துல, உள்ள தண்ணி டாங்க், கேஸ் சிலிண்டர், அடுப்பு, ஃப்ரிட்ஜ், படுக்கை எல்லாத்தையும் தூக்கிட்டு மலை ஏறுற வண்டிக்கு இல்ல. கூகுள் 3 மணி நேரம்னு சொன்னா நாலரைன்னு எடுத்துக்கோங்க, நடுவுல நிறுத்திப் பாக்காம உங்களால போகவே முடியாது, அதுக்குத்தானே போறோம்.

ஆனா நேரத்தை விட முக்கியமா ஒண்ணு சொல்லணும், இந்த மொத்த விஷயத்துல ஒரே ஒரு வரி மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: மலைக்கு இந்தப் பக்கமே படுத்துடுங்க, காலைல தாண்டுங்க. சாயங்காலம் 4 மணிக்கு ஒரு பாஸ், அதாவது மலையைத் தாண்டுற கணவாய் ரோடு, ஏற ஆரம்பிக்காதீங்க. காலைல காத்து பெரும்பாலும் கம்மியா இருக்கும், வெளிச்சம் முழுசா கையில இருக்கும், டிரைவர் ஃப்ரெஷ்ஷா இருப்பாரு, ரோடு மூடியிருந்தா திரும்பி வந்து வேற வழி பாக்க ஒரு முழு நாள் இருக்கும். சாயங்காலம் மாட்டுனா இதுல ஒண்ணுமே இருக்காது. நான் கீழ சொல்ற ரூட்டு, எங்க தூங்குறது, எங்க டீசல் போடுறது எல்லாமே இதை வச்சுத்தான்.

முதல்ல அந்த மலையைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ரோடு உயரம் பெருசா இல்ல. நம்ம ஊட்டி 2200 மீட்டருக்கு மேல இருக்கு, இங்க மெயின் ரோட்டுலயே உசரமான கிரவுன் ரேஞ்ச் ரோடே கிட்டத்தட்ட 1100 மீட்டர்தான். அதனால மூச்சுத் திணறல், தலைவலி அந்தப் பயமெல்லாம் வேண்டாம், வயசான அப்பா அம்மாவைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம். பிரச்சனை காத்தும் மழையும். சதர்ன் ஆல்ப்ஸ் தீவோட நீளத்துக்கு ஒரு சுவர் மாதிரி நிக்குது, மேற்குல டாஸ்மன் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து அதுல மோதி மேல ஏறி அந்தப் பக்கமே கொட்டிடும். தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவுல கொட்டித் தீத்துட்டு பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கோயம்புத்தூருக்கு வெறும் காத்தா வருதே, அதே கதைதான். மலைக்கு அந்தப் பக்கம் கடல் மலைக்குள்ள புகுந்து நிக்குற மில்ஃபோர்ட் சவுண்ட்ல வருஷத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல மழை, மலைக்கு இந்தப் பக்கம் மெக்கன்சி சமவெளில காஞ்ச புல்லு. அந்தக் காஞ்ச பக்கம் இறங்குற காத்துக்கு இங்க நார்வெஸ்டர்னு பேரு, சூடா, பலமா, திடீர்னு அடிக்கும், உசரமான வேனை ரோட்டுல பக்கவாட்டுல தள்ளும். அதனால ஃபோர்காஸ்ட்ல மழை மட்டும் பாக்காதீங்க, காத்து எந்தத் திசை, எவ்வளவு வேகம்னும் பாருங்க. மெட்சர்வீஸ்ங்குற வானிலைத் துறை சைட்ல ஸ்ட்ராங் விண்ட் வார்னிங் போட்டிருந்தா அன்னைக்கு வண்டியை எடுக்காம ஏரிக்கரையில உக்காந்து டீ போட்டுக் குடிங்க. ரோடு திறந்திருக்கா மூடியிருக்கான்னு என்இசட்டிஏங்குற ரோடு போக்குவரத்துத் துறையோட ஜர்னி பிளானர் சைட்ல பாக்கலாம், தினமும் காலைல கிளம்புறதுக்கு முன்னாடி பாக்குறதைப் பல் தேய்க்கிற கணக்குல சேத்துக்கோங்க.

இப்போ வண்டி. ரெண்டு பேருன்னா டொயோட்டா ஹையேஸ் வேன் சைஸ் போதும்னு தோணும், விலையும் கம்மி, மலை ரோட்டுல ஓட்டவும் சுலபம். ஆனா டாய்லெட் விஷயத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. நியூசிலாந்துல காசு கட்டாம பொது இடத்துல ராத்திரி தங்குறதுக்கு ஃப்ரீடம் கேம்பிங்னு பேரு, 2023-ல அதுக்கான சட்டத்தை மாத்தி இறுக்கிட்டாங்க. வண்டில கழட்ட முடியாத மாதிரி பொருத்துன டாய்லெட் இருக்கணும், செல்ஃப் கன்டெய்ன்ட், அதாவது தண்ணி, கழிவு எல்லாத்தையும் வண்டிக்குள்ளயே வச்சுக்குற வண்டின்னு சான்றிதழ் வாங்கி பச்சைக் கலர் வாரண்ட் கார்டு ஒட்டியிருக்கணும். முன்னாடி ஓரமா ஒரு போர்ட்டபிள் டாய்லெட்டை வச்சுட்டே நீலக் கலர் கார்டு வாங்கிடலாம், அதை நிறுத்திட்டாங்க. அந்தந்த ஊர் கவுன்சிலுக்குன்னு தனி விதியும் இருக்கும், பலகையில போட்டிருப்பாங்க, மீறுனா நூத்துக்கணக்கான டாலர் ஃபைன். குழந்தைங்க, பெரியவங்க கூட வர்றாங்கன்னா டாய்லெட், ஷவர் இருக்குற வண்டியே எடுங்க, ராத்திரி 2 மணிக்குக் குளிர்ல வெளிய இறங்காம இருக்குறதுக்கு அந்த எக்ஸ்ட்ரா காசு தகும்.

புக் பண்ணும்போது கேக்க வேண்டிய கேள்விங்க சில இருக்கு. இன்சூரன்ஸ்ல மேற்கூரையும் அடிப்பாகமும் வருமா? நிறைய பாலிசில வராது, ஆனா மரக்கிளையில கூரை உரசுறதும் கல்லு ரோட்டுல அடி இடிக்கிறதும்தான் வேன்ல சகஜமா நடக்குறது. எந்த ரோட்டுலெல்லாம் போகக் கூடாது? குவீன்ஸ்டவுன் பக்கம் ஸ்கிப்பர்ஸ் கேன்யன் ரோடு, மவுண்ட் குக் பக்கம் பால் ஹட் ரோடு ரெண்டும் ரெண்டல் வண்டிங்களுக்கு வழக்கமா தடை, சில கம்பெனிங்க குளிர்காலத்துல கிரவுன் ரேஞ்சும் கூடாதும்பாங்க. ஹீட்டர் எதுல ஓடும்? கரண்ட் பிளக் சொருகினாத்தான் ஓடுமா, இல்ல டீசல்லயோ கேஸ்லயோ தனியா ஓடுமா? இதைக் கேக்காம எடுத்துட்டு ஏப்ரல் மாசம் (அங்க அது குளிர்காலத்துக்கு முந்தின இலையுதிர் காலம்) டெகாபோ ஏரி பக்கம் பிளக் இல்லாத இடத்துல நிறுத்துனீங்கன்னா ராத்திரி முழுக்க நடுக்கம்தான். அப்புறம் டீசல் வண்டின்னா ரோடு யூசர் சார்ஜ். இங்க பெட்ரோல்ல ரோடு வரி விலையிலயே சேந்துடும், டீசல்ல சேராது, அதுக்குப் பதிலா ஓடுன கிலோமீட்டருக்குத் தனியா கட்டணும், சின்ன வண்டிக்கு 1000 கிமீக்கு எழுபது எண்பது டாலர் வாக்குல வரும், ரெண்டல் கம்பெனி திரும்பி வரும்போது மீட்டரைப் பாத்து வாங்கும். பங்க்ல டீசல் சீப்பா இருக்கேன்னு பட்ஜெட் போட்டவங்களுக்கு இது கடைசில வந்து நிக்கும், முதல்லயே கணக்குல சேருங்க.

லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா நம்ம ஊர் லைசென்ஸே செல்லும், ஓட்டுறதும் இடது பக்கம்தான், அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு ஐரோப்பா மலைகளை விட இங்க முதல் கேம்பர்வேன் ட்ரிப் போடுறது சுலபம்னு நான் நினைக்கிறேன். ஆனா ஹாரன், ஓவர்டேக் பழக்கத்தை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வாங்க. ஊருக்கு வெளிய லிமிட் 100, மூணரை டன்னுக்கு மேல எடை உள்ள வண்டிக்கு 90, ஆனா அது லிமிட்டே தவிர இலக்கு இல்ல, வளைவுக்கு முன்னாடி மஞ்சள் பலகையில 35, 45ன்னு போட்டிருந்தா வேன்ல அதை அப்படியே கேளுங்க, இல்லன்னா உள்ள தட்டு, டம்ளர், மாமியார் எல்லாம் ஒரு பக்கமா சாயும். பின்னாடி ரெண்டு மூணு கார் சேந்துட்டா ஸ்லோ வெஹிக்கிள் பே வரும் இடத்துல ஒதுங்கி வழி விடுங்க, அவங்க இங்க வேலைக்குப் போறவங்க. ஒத்தை லேன் பாலங்கள் நிறைய வரும், வட்டப் பலகையில உங்க பக்கத்து அம்பு சின்னதா சிவப்புல இருந்தா நீங்க நின்னு எதிர்ல வர்றவரை விடணும், நீலச் சதுரத்துல உங்க அம்பு பெருசா வெள்ளையா இருந்தா உங்களுக்கு முதல் உரிமை, அப்பவும் எதிர்ல பாத்துட்டே போங்க.

இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுட்டே வராதீங்க. எல்லாமே ஆட்டோமேட்டிக் வண்டிங்கதான் அனேகமா கிடைக்கும், ஆனா கியர் லீவர்ல மேனுவல் மோடோ லோ கியரோ இருக்கும், அதை எப்படிப் போடுறதுன்னு வண்டி வாங்குற இடத்துலயே காட்டச் சொல்லுங்க. மேலேயே, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுட்டு எஞ்சினையே பிரேக்கா வச்சு இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்க. பிரேக் சூடேறி நாத்தம் வந்தா அடுத்த ஒதுங்குற இடத்துல நிறுத்தி ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க.

சரி, ரூட்டு. கிறிஸ்ட்சர்ச், டெகாபோ, மவுண்ட் குக், வானகா, குவீன்ஸ்டவுன், டே ஆனாவ், மில்ஃபோர்ட், திரும்ப வானகா, ஹாஸ்ட், ஃபிரான்ஸ் ஜோசஃப், ஹொகிட்டிகா, ஆர்தர்ஸ் பாஸ், கிறிஸ்ட்சர்ச். மொத்தம் கிட்டத்தட்ட 2000 கிமீ. இதுக்கு 14 நாள் வேணும், அதுல ரெண்டு நாளை எதுக்கும் ஒதுக்காம காலியா வைங்க. 10 நாள்தான் இருக்குன்னா மேற்குக் கரையை விட்டுட்டு வந்த வழியே திரும்புங்க, எல்லாத்தையும் தொட்டுட்டு ஓடுறதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது.

முதல் நாள் விமானம் இறங்கி வண்டி வாங்கி உடனே டெகாபோ 225 கிமீ ஓட்டாதீங்க. கிறிஸ்ட்சர்ச்லயே ஒரு ஹாலிடே பார்க்ல, அதாவது காசு கட்டி வேனை நிறுத்தித் தங்குற இடத்துல தங்கி பிளக் எப்படி, தண்ணி எப்படி, படுக்கையை எப்படி விரிக்கிறதுன்னு எல்லாம் பழகிக்கோங்க, சாமான் வாங்குங்க, அங்க இந்தியன் கடைங்க இருக்கு. ஊர்ல இருந்து சாப்பாடு கொண்டு வர்றவங்க கவனிங்க, ஏர்போர்ட் ஃபார்ம்ல எல்லா உணவுப் பொருளையும் எழுதிடணும், எழுதாம மாட்டுனா அங்கேயே 400 டாலர் ஃபைன். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதையும் பெட்டில போடாதீங்க, கடையில வாங்குன சீல் போட்ட பொடி வகையைக் கொண்டு வந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போங்க.

டெகாபோல இருந்து மவுண்ட் குக் போற 100 சொச்சம் கிலோமீட்டர்தான் இந்த மொத்த ட்ரிப்லயே என் மனசுக்கு நெருக்கமான ரோடு. புகாகி ஏரியை ஒட்டியே போகும், தண்ணி பால் கலந்த நீலமா இருக்கும், பனியாறு பாறையை அரைச்சு மாவாக்கி தண்ணில விடுது, அந்தத் துகள் மேல வெளிச்சம் படுறதுதான் அந்தக் கலர். நேர் எதிர்ல 3724 மீட்டர் அவோராக்கி, அதாவது மவுண்ட் குக். முன்னாடி ட்வைசல்ல டீசல், தண்ணி, மளிகை எல்லாம் முடிச்சுட்டுப் போங்க, மவுண்ட் குக் கிராமத்துல சூப்பர்மார்க்கெட் கிடையாது. தங்குறதுக்கு ஒயிட் ஹார்ஸ் ஹில்னு டாக் கேம்ப்சைட் இருக்கு. டாக்னா டிபார்ட்மென்ட் ஆஃப் கன்சர்வேஷன், நம்ம வனத்துறை மாதிரி, ரொம்பக் குறைஞ்ச கட்டணத்துல தேசியப் பூங்காவுக்குள்ளயே இடம் குடுக்குறாங்க. கரண்ட் பிளக் கிடையாது, ஆனா கதவைத் திறந்தா பனிமலை. டிசம்பர் ஜனவரில சீக்கிரம் நிரம்பிடும், அதனால முன்னாடியே பாத்துக்கோங்க. அந்த ஏரியா முழுக்க 2012-ல இருந்து டார்க் ஸ்கை ரிசர்வ், மேகம் இல்லாத ராத்திரில வேன் லைட்டையெல்லாம் அணைச்சுட்டு வெளிய வந்து நில்லுங்க, பசங்களை எழுப்பிக் காட்டுங்க.

அங்க இருந்து ஒமரமா, லிண்டிஸ் பாஸ் 971 மீட்டர், அப்புறம் வானகா. லிண்டிஸ் கோடைல சுலபம், குளிர்காலத்துல ஐஸ் பிடிக்கும். வானகால இருந்து குவீன்ஸ்டவுனுக்கு ரெண்டு வழி. கிரவுன் ரேஞ்ச் 70 கிமீக்குள்ள முடிஞ்சுடும், ஆனா குவீன்ஸ்டவுன் பக்க இறக்கம் கொண்டை ஊசி வளைவுகளோட செங்குத்தா இருக்கும். ஏழு மீட்டர் வண்டின்னா க்ராம்வெல் வழியா கவாராவ் ஆத்தை ஒட்டிப் போங்க, 40, 50 கிமீ கூட, ஆனா ஓட்டுறவரும் வெளிய பாத்து ரசிக்கலாம், கோடைல க்ராம்வெல்ல செர்ரி, ஏப்ரிகாட் பெட்டி பெட்டியா விக்கும். குவீன்ஸ்டவுன் உள்ள வேன் நிறுத்துறது தலைவலி, வெளிய நிறுத்திட்டு பஸ்ல போங்க.

மில்ஃபோர்ட் ரோட்டுக்குத்தான் நிறைய ஏற்பாடு வேணும். டே ஆனாவ்ல இருந்து 120 கிமீ, முழுசும் மலை, பெரும்பகுதி போன் சிக்னல் கிடையாது, டே ஆனாவ்லயே டாங்க் ஃபுல் பண்ணிடுங்க, தண்ணியும் ரொப்பிடுங்க, டாய்லெட் கேசட்டையும் (கழிவு சேருற, கழட்டி எடுக்குற பெட்டி) காலி பண்ணிடுங்க. ஃபியோர்ட்லாண்ட் தேசியப் பூங்காவுக்குள்ள ரோட்டோரமா நிறுத்தித் தூங்கக் கூடாது. குவீன்ஸ்டவுன்ல இருந்து ஒரே நாள்ல போய் வர்ற டூர் பஸ் எல்லாம் மதியத்தை ஒட்டி வந்து சேரும், கூட்டமும் அப்பத்தான். அதனால முந்தின நாள் சாயங்காலமே கேஸ்கேட் க்ரீக் டாக் கேம்ப்சைட் வரைக்கும் போய்ப் படுத்துடுங்க, காலைல எந்திரிச்சதும் ஹோமர் டனலைத் தாண்டி மில்ஃபோர்ட் சவுண்டைச் சுத்திக் காட்டுற முதல் படகைப் பிடிச்சுடலாம். ஹோமர் டனல் 1.2 கிமீ, பாறையைக் குடைஞ்சு விட்ட படியே சுவர் கரடுமுரடா இருக்கும், உள்ள இறக்கமாவே போகும், குறுகலா, மங்கலா இருக்கும், கோடைல பகல்ல சிக்னல் போட்டு ஒரு பக்கமா விடுவாங்க. ஹெட்லைட் போட்டு, கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு நுழையுங்க.

சிக்னலுக்கு நிக்கும்போது கியா கிளிங்க வரும். உலகத்துல மலை உச்சில வாழுற ஒரே கிளி இனம், ரொம்பப் புத்திசாலி, அழிஞ்சுட்டு வர்ற இனமும் கூட. வைப்பர் ரப்பர், ஜன்னல் பீடிங், கூரை மேல இருக்குற வென்ட் எல்லாத்தையும் கொத்திப் பிய்க்கும். கூரை வென்ட்டை மூடி வைங்க. ஒரு சிப்ஸ் கூடப் போடாதீங்க, தயவுசெஞ்சு சொல்றேன், மனுஷங்க சாப்பாட்டுக்குப் பழகுனதாலதான் ரோட்டுக்கு வந்து வண்டில அடிபட்டு சாகுதுங்க.

ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் இந்த ரோட்டுல பனிச்சரிவு அபாயம் உண்டு, நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குற நீளமான பகுதிகள்ல போட்டோவுக்குக் கூட நிறுத்தாதீங்க, டயர் செயின் கட்டாயம் கையில இருக்கணும்னு பலகை போட்டிருந்தா இல்லாம போகாதீங்க. செயினை வெயில் அடிக்கிற நாள்ல ஒரு தடவை மாட்டிப் பழகிக்கோங்க, எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுத்துதோ அதுல மாட்டணும், முன்னாடியா பின்னாடியான்னு ரெண்டல்லயே கேட்டு வைங்க. உண்மையைச் சொன்னா முதல் தடவை வர்றவங்க குளிர்காலத்தைத் தவிர்த்துடுங்க. பிப்ரவரி, மார்ச் அருமையான மாசம். டிசம்பர் கடைசில குவீன்ஸ்டவுன்ல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஜூன்ல அஞ்சு மணிக்கே இருட்டிடும், வேன் பயணத்துல இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

வேனுக்குள்ள சமையல். அடுப்பு எரியும்போது ஒரு ஜன்னலும் கூரை வென்ட்டும் திறந்தே இருக்கணும், குளிருதுன்னு மூடிட்டு சமைச்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது. குளிருக்கு அடுப்பைப் பத்த வச்சுட்டு உக்காருறது கூடவே கூடாது. தாளிக்கிற வேலையை ஹாலிடே பார்க் பொதுக் கிச்சன்ல வச்சுக்கோங்க, மிளகாய் நெடி படுக்கைத் துணில ஏறுனா ட்ரிப் முடியுற வரைக்கும் போகாது. எங்க முறை என்னன்னா, மூணு நாளைக்கு ஒருக்கா பிளக் இருக்குற ஹாலிடே பார்க்ல தங்கி, துணி துவைச்சு, எல்லா பேட்டரியும் சார்ஜ் போட்டு, குக்கர்ல சாதம், சாம்பார் நிறைய வச்சு ஃப்ரிட்ஜ்ல போட்டுடுவோம், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எப்பவும் இருக்கும், டாக் கேம்ப்ல சூடு மட்டும் பண்ணுவோம். பாத்திரம் கழுவுன தண்ணியை மண்ணுல ஊத்தாதீங்க, அது கிரே வாட்டர் டாங்க்ல சேரும், அதையும் டாய்லெட் கேசட்டையும் டம்ப் ஸ்டேஷன்ல மட்டும்தான் காலி பண்ணணும். எங்க இருக்குன்னு கேம்பர்மேட் ஆப்ல தெரியும், இலவசமாவே நிறைய ஊர்ல இருக்கு.

மேற்குக் கரைக்கு வானகால இருந்து ஹாஸ்ட் பாஸ் வழியா போறோம், 560 மீட்டர் வாக்குலதான், ஆனா ரெண்டு பக்கமும் காடு, அருவி, நிலச்சரிவு நடக்குற சரிவுகள். இங்கயும் அதே விதி, வானகா ஏரிக்கரையில பவுண்டரி க்ரீக்ல தங்கிட்டு காலைல தாண்டுங்க. அந்தப் பக்கம் இறங்கிட்டா ஒரே ரோடுதான், அது அடைச்சா மாத்து வழியே பல நூறு கிலோமீட்டர். 2019 மார்ச்ல ஃபிரான்ஸ் ஜோசஃப் பக்கத்துல வைஹோ ஆத்துப் பாலத்தையே வெள்ளம் தூக்கிட்டுப் போச்சு. நான் காலியா வைக்கச் சொன்ன ரெண்டு நாள் இங்கதான் உதவும். கனமழை வார்னிங் வந்தா ஹாஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நுழையாம வானகாலயே இருங்க. டீசலை ஹாஸ்ட் மாதிரி சின்ன ஊர்ல பாதி டாங்க் இருந்தாலும் போடுங்க, விலை கூடத்தான், பரவாயில்ல. சாண்ட்ஃபிளைனு ஒரு சின்ன ஈ, கடிச்சா ஒரு வாரம் அரிக்கும், வேன் கதவைத் திறந்து போட்டு உக்காராதீங்க, அதுங்களுக்கு ராத்திரி முழு இருட்டுல வேலை இல்ல, பகல்லயும் அந்தி நேரத்துலயும்தான் தொல்லை.

கடைசி மலை ஆர்தர்ஸ் பாஸ், 920 மீட்டர். மேற்குல இருந்து ஏறும்போது ஓட்டிரா பள்ளத்தாக்குல ஏத்தம் ரொம்பக் கடுமை, 1999-ல திறந்த 440 மீட்டர் நீள ஓட்டிரா வயடக்ட் பாலம் மேலதான் ஏறணும். எஞ்சின் டெம்பரேச்சரைப் பாத்துட்டே கீழ் கியர்ல நிதானமா ஏறுங்க, மேல போனதும் டெத்ஸ் கார்னர் லுக்அவுட்ல நிறுத்தலாம், முழு பாலமும் கீழ தெரியும், கியாவும் இருக்கும். இதுக்கு முந்தின ராத்திரியை ஹொகிட்டிகாலயே கழிச்சுடுங்க. தாண்டுன பிறகு போர்ட்டர்ஸ் பாஸ்னு இன்னொண்ணு வரும், அது 939 மீட்டர், பேர் பெருசா இல்லாததால யாரும் கண்டுக்க மாட்டாங்க, கிறிஸ்ட்சர்ச் பக்க இறக்கம் நல்ல செங்குத்து, அங்கயும் கியரைக் குறைங்க.

தினமும் வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும் பொறுப்பெடுத்துச் சுத்தி வந்து பாக்கணும். கரண்ட் ஒயர் கழட்டியாச்சா, கேஸ் மூடியாச்சா, கூரை வென்ட், ஜன்னல், ஃப்ரிட்ஜ் கொண்டி, டிராயர், படி உள்ள போயிருக்கா. ரெண்டு பேர் சேந்து பாத்தா ரெண்டு பேரும் மத்தவர் பாத்துட்டார்னு நினைப்பாங்க. அவசரத்துக்கு நம்பர் 111, சிக்னல் இல்லாத மலைல நடக்கப் போறீங்கன்னா லொகேட்டர் பீக்கன், அதாவது ஆபத்துல நீங்க இருக்குற இடத்தைச் சாட்டிலைட் வழியா சொல்ற கருவி, வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கோங்க.

வண்டியைத் திருப்பிக் குடுக்குற நாளுக்கு முன்னாடி ராத்திரி கிறிஸ்ட்சர்ச் பக்கத்துலயே வந்துடுங்க, மலைல இருந்து நேரா ஏர்போர்ட்னு பிளான் போடாதீங்க. டாய்லெட் கேசட், கிரே வாட்டர் ரெண்டையும் காலி பண்ணி, டாங்க் ஃபுல் பண்ணி, கிலோமீட்டர் மீட்டரையும் டீசல் முள்ளையும் ஒரே போட்டோல வர்ற மாதிரி எடுத்து வைங்க, வண்டியை நாலு பக்கமும் கூரையும் சேத்து வீடியோ எடுங்க, வாங்குன அன்னைக்கு எடுத்த வீடியோவும் அதே போன்ல இருக்கணும்.